என்டர் எங்கே போகிறது? சி மொழியில் உள்ளீடும் வைட்ஸ்பேஸும்

சி படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் ஒரு சிறிய கால்குலேட்டர் எழுதிப் பார்ப்பார்கள். ஓர் எண்ணைக் கேட்க வேண்டும், கூட்டலா கழித்தலா என்று ஒரு குறியைக் கேட்க வேண்டும், இன்னோர் எண்ணைக் கேட்க வேண்டும், விடையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நிரலின் நடுப்பகுதி இப்படி இருக்கும். நிரல் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; கம்பைலருக்குக் கொடுக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இன்ட் அ, ஆ;
சார் குறி;

பிரின்ட்எஃப்("முதல் எண்: ");
ஸ்கேன்எஃப்("%டி", &அ);

பிரின்ட்எஃப்("குறி: ");
ஸ்கேன்எஃப்("%சி", &குறி);

பிரின்ட்எஃப்("இரண்டாம் எண்: ");
ஸ்கேன்எஃப்("%டி", &ஆ);

பிரின்ட்எஃப் திரையில் அச்சிடும், ஸ்கேன்எஃப் உள்ளீட்டைப் படிக்கும்; %டி என்றால் ஒரு முழு எண், %சி என்றால் ஓர் எழுத்து. கம்பைலர் ஒரு குறையும் சொல்லாது. ஓட்டிப் பாருங்கள். முதல் எண் கேட்கும். 25 என்று அடித்து என்டர் தட்டுவீர்கள். உடனே திரையில் "குறி: இரண்டாம் எண்:" என்று இரண்டு கேள்விகளும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். குறியைக் கேட்டது, ஆனால் நாம் பதில் சொல்லும் வரை நிற்கவில்லை. சரி போகட்டும் என்று 7 கொடுத்தால், "தெரியாத குறி" என்று நிரல் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, நிரல் வரிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. யாரோ எங்கேயோ சொன்ன ஒரு வரியைச் சேர்ப்பார்கள், சரியாகிவிடும், ஏன் சரியானது என்று தெரியாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் குழப்பம் பிறகு சரங்களை (எழுத்துத் தொடர்களை) படிக்கும்போதும், கோப்புகளைப் படிக்கும்போதும் வேறு வேறு வேஷத்தில் திரும்ப வரும். ஒருமுறை நின்று புரிந்துகொண்டால் போதும், எல்லாம் ஒரே விஷயம்தான் என்று தெரிந்துவிடும்.

முதலில், நிரல் உண்மையில் என்ன செய்தது என்று அதன் வாயாலேயே கேட்போம். குறியைப் படித்த வரிக்கு அடுத்து இதைச் சேருங்கள்:

பிரின்ட்எஃப்("[%டி]", குறி);

எழுத்தாக அச்சிடாமல் எண்ணாக அச்சிடச் சொல்கிறோம். திரையில் [10] என்று வரும். ஆக, குறி காலியாக இல்லை. அதற்குள் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. அதன் ஆஸ்கி எண் (கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்) 10. புதுவரிக் குறியின் எண் அது. நீங்கள் தட்டிய என்டர்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேன்எஃப் எதையும் தாண்டிப் போகவில்லை. ஓர் எழுத்து வேண்டும் என்று கேட்டோம், கையில் இருந்த முதல் எழுத்தைக் கொடுத்தது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஸ்கேன்எஃப் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதாக நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. நீங்கள் அடிக்கும் எழுத்துகளை முதலில் டெர்மினல் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் தப்பாக அடித்ததைப் பேக்ஸ்பேஸ் தட்டி அழிக்க முடிகிறது. அந்த அழித்தல் எதுவும் உங்கள் நிரலுக்குத் தெரியவே தெரியாது. என்டர் தட்டியதும் அந்த முழு வரியும், என்டரையும் சேர்த்து, நிரலிடம் ஒப்படைக்கப்படுகிறது. அங்கே அது பஃபர் என்ற தற்காலிக இடத்தில், அடித்த வரிசை மாறாமல் நிற்கிறது. ஸ்கேன்எஃப் அந்த வரிசையின் முன்னால் இருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுக்கிறது. வரிசை தீர்ந்துபோனால்தான் உங்களுக்காகக் காத்திருக்கும்.

25 அடித்து என்டர் தட்டியபோது வரிசையில் நின்றவை மூன்று எழுத்துகள்: 2, 5, ↵. அவற்றின் ஆஸ்கி எண்கள் 50, 53, 10. %டி வந்து 2-ஐ எடுத்தது, இலக்கம், சரி. 5-ஐ எடுத்தது, அதுவும் இலக்கம். அடுத்து ↵ தென்பட்டது. இது எண்ணில் சேராது, ஆகவே எண் முடிந்தது என்று முடிவுகட்டியது. அந்த ↵ எழுத்தை அது தின்றுவிடவில்லை, வரிசையிலேயே விட்டுவிட்டது. அடுத்து வந்த %சி முன்னால் நின்ற ↵ எழுத்தை எடுத்துக்கொண்டது. காத்திருக்க வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இரண்டு எண்களை மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக %டி வைத்துப் படிக்கும்போது இந்தத் தொல்லை வருவதில்லையே? அங்கேயும் முதல் எண்ணுக்குப் பின்னால் என்டர் நின்றுகொண்டுதானே இருந்தது? நின்றது. ஆனால் %டி தன் வேலையைத் தொடங்கும் முன் முன்னால் கிடக்கும் வைட்ஸ்பேஸ் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வரும். %சி அப்படித் தள்ளுவதில்லை. பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வைட்ஸ்பேஸ் என்று சி மொழி எவற்றைச் சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். இயல்பான அமைப்பில் ஆறு எழுத்துகள்: சாதாரண இடைவெளி (32), டேப் (9), புதுவரி (10), செங்குத்து டேப் (11), பக்க நகர்வு (12), வரித்தொடக்கக் குறி (13). நாம் அன்றாடம் சந்திப்பவை இடைவெளி, டேப், புதுவரி, பிறகு சில சமயம் 13. கண்ணுக்கு இவை வெற்றிடமாகத் தெரியலாம். நிரலுக்கு இவை ஒவ்வொன்றும் மற்ற எழுத்துகளைப் போலவே ஒரு பைட் பிடிக்கும் முழு எழுத்து. இடைவெளியும் என்டரும் ஒரே குடும்பம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 25, 7 என்ற இரண்டு எண்களை ஒரே வரியில் இடைவெளி விட்டு அடித்தாலும், தனித்தனி வரியில் அடித்தாலும், நடுவில் நான்கு வெற்று வரி விட்டு அடித்தாலும் %டி கவலைப்படாமல் இரண்டையும் எடுத்துவிடுவது இதனால்தான்.

எவை தள்ளிவிட்டு வரும், எவை வராது? தள்ளாதவற்றை நினைவில் வைத்தால் போதும், அவை மூன்றே: %சி, சதுர அடைப்புக்குறியோடு வரும் %[ , பிறகு %என். இவற்றில் %என் எதையும் படிப்பதில்லை, இதுவரை எத்தனை எழுத்து படித்தோம் என்று கணக்கு மட்டும் சொல்லும். தொடக்கத்தில் அது உங்களுக்குத் தேவைப்படாது. முழு எண், தசம எண், சொல் என்று மற்றவை எல்லாம் முன்னால் இருக்கும் வைட்ஸ்பேஸைத் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

%சி மட்டும் ஏன் இப்படி என்று எரிச்சல்பட வேண்டாம். அது சரியாகத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. ஒரு வரியில் எத்தனை இடைவெளி இருக்கிறது என்று எண்ணும் நிரலை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். %சி இடைவெளிகளைத் தானாகத் தள்ளிவிட்டால் அந்த நிரலை அதைக்கொண்டு எழுதவே முடியாது. எண்ணுக்குள் இடைவெளி இருக்க முடியாது, அதனால் %டி தள்ளலாம். ஆனால் இடைவெளி தானே ஓர் எழுத்து. எழுத்தைக் கேட்பவரிடம் அதை மறைக்கக் கூடாது.

நம் கால்குலேட்டருக்கோ இடைவெளி வேண்டாம். அப்படியென்றால் தள்ளிவிடும்படி நாமே சொல்ல வேண்டும். அதற்கான வழி, ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில், அதாவது மேற்கோள் குறிகளுக்குள் கொடுக்கும் பகுதியில், சதவீதக் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி:

ஸ்கேன்எஃப்(" %சி", &குறி);

பார்த்தால் கைதவறி விழுந்த இடைவெளி மாதிரி இருக்கும். ஆனால் ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில் வரும் இடைவெளிக்குத் தனிப் பொருள் உண்டு: "இப்போது வரிசையின் முன்னால் எத்தனை வைட்ஸ்பேஸ் இருந்தாலும் அத்தனையையும் எடுத்துப் போட்டுவிடு, வைட்ஸ்பேஸ் அல்லாத முதல் எழுத்து வந்ததும் அதைத் தொடாமல் நில்." ஒன்று இருந்தாலும் சரி, இருபது இருந்தாலும் சரி, ஒன்றுகூட இல்லாவிட்டாலும் சரி. நாம் இட்டது ஓர் இடைவெளி என்பதால் உள்ளீட்டிலும் ஓர் இடைவெளிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த இடத்தில் இடைவெளிக்குப் பதில் டேப் போட்டாலும், புதுவரியைக் குறிக்கும் \என் போட்டாலும் பொருள் ஒன்றே.

திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். இதைப் போல வரிசையின் நடப்பைக் கண்முன் காட்டும் சோதனை வேறில்லை. முதல் கேள்விக்கே பதிலாக 25+7 என்று இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் அடித்து என்டர் தட்டுங்கள். திருத்தாத நிரலிலேயே சரியான விடை 32 வரும். %டி 25-ஐ எடுத்து + கண்டதும் நிற்கிறது, %சி அந்த + எழுத்தை எடுக்கிறது, அடுத்த %டி 7-ஐ எடுக்கிறது. மூன்று கேள்விகளும் மடமடவென்று திரையில் ஓடும், எதற்கும் காத்திருக்காது. கேள்வியை அச்சிடுவதற்கும் பதிலைப் படிப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது 25 + 7 என்று இடைவெளி விட்டு அடியுங்கள். திருத்தாத நிரல் சொதப்பும். %சி எடுத்தது 25-க்குப் பின்னால் இருந்த இடைவெளியை. அடுத்த %டி முன்னால் பார்ப்பது + குறியை. எண்ணுக்கு முன் கூட்டல் குறி வரலாம் என்பதால் அதை எண்ணின் தொடக்கமாக நினைத்து எடுத்துக்கொள்ளும். அதற்கடுத்து இலக்கம் வர வேண்டிய இடத்தில் இடைவெளி இருப்பதால் தோற்றுப்போகும். ஆ என்ற மாறியில் எதுவும் எழுதப்பட்டிருக்காது; எடுத்த + குறியும் திரும்பி வராது. " %சி" என்று திருத்திய நிரலிலோ 25+7, 25 + 7, மூன்று வரிகளில் தனித்தனியாக அடித்தது, எல்லாம் ஒன்றுபோல 32 தரும்.

கழித்தலில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 25 -7 என்று அடித்து, இரண்டு %டி மட்டும் வைத்துப் படித்தால் 25-ம் -7-ம் கிடைக்கும். இடைவெளி இல்லாமல் 25-7 என்று அடித்தாலும் அதே இரண்டு எண்கள்தான். எண்களைப் பிரிப்பதற்கு இடைவெளி கட்டாயம் என்று நினைக்கிறோம். %டி பார்ப்பது அதை அல்ல, தனக்கு ஒவ்வாத முதல் எழுத்தைத்தான்.

முன்னால் இடும் இடைவெளி இப்படி உதவுகிறது என்றால் பின்னால் இடுவது என்ன செய்யும்? தொடக்க நிலையில் இருப்பவர்கள் விழும் ஆழமான குழி இதுதான். பிரின்ட்எஃப் எழுதும்போது வரி முடிவில் \என் போட்டுப் பழகிய கை, ஸ்கேன்எஃப்பிலும் போட்டுவிடும்:

ஸ்கேன்எஃப்("%டி\என்", &அ);

ஓட்டிப் பாருங்கள். 25 அடித்து என்டர் தட்டினால் நிரல் அசையாது. இன்னொரு முறை என்டர் தட்டினாலும் அசையாது. பத்து முறை தட்டினாலும் அப்படியே நிற்கும். நிரல் உறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். உண்மையில் அது நாம் சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறது. வைட்ஸ்பேஸ் அல்லாத எழுத்து வரும் வரை எல்லாவற்றையும் எடுத்துப் போடு என்று சொன்னோம். நீங்கள் தட்டும் ஒவ்வோர் என்டரும் வைட்ஸ்பேஸ். ஒவ்வொன்றையும் விழுங்கிவிட்டு அடுத்தது என்ன என்று பார்க்கக் காத்திருக்கிறது. வைட்ஸ்பேஸ் முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரிய வேண்டுமானால் வேறோர் எழுத்தை அது கண்ணால் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் 7 என்று அடித்தால் அந்த ஸ்கேன்எஃப் அப்போதுதான் விடுபடும். அந்த 7 வரிசையில் நிற்கும். அடுத்து எண் கேட்கும் ஸ்கேன்எஃப் அதை எடுத்துக்கொள்ளும். இதை ஒரு லூப்பில் வைத்திருந்தால் கேள்வியும் பதிலும் ஒரு படி விலகியே ஓடும்: முதல் பதில் சொன்னதும் இரண்டாம் கேள்வி வராது, இரண்டாம் பதில் சொன்ன பிறகுதான் வரும். நிரல் எப்போதும் ஓர் உள்ளீடு அதிகமாகக் கேட்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் ஃபார்மேட் ஸ்ட்ரிங்கின் வாலைப் பாருங்கள். அங்கே \என் இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியாவது இருக்கும்.

ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில் சாதாரண எழுத்துகளையும் எழுதலாம். தேதி படிக்க "%டி/%டி/%டி" என்று கொடுக்கலாம். 12/10/2024 என்றால் வேலை செய்யும். 12/ 10/ 2024 என்றாலும் செய்யும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை அடுத்த %டி தள்ளிவிடும். ஆனால் 12 /10/2024 என்றால் முதல் எண்ணோடு நின்றுவிடும். சாய்கோடு என்ற சாதாரண எழுத்து தனக்கு முன் இருக்கும் வைட்ஸ்பேஸைத் தள்ளுவதில்லை. இடைவெளியைக் கண்டதும் பொருந்தவில்லை என்று கைவிடும். "%டி /%டி /%டி" என்று சாய்கோட்டுக்கு முன் இடைவெளி இட்டால் இரண்டு பக்கமும் தளர்வாக இருக்கும். பயனரிடம் எண்களைக் காற்புள்ளியால் பிரித்துக் கேட்கும் நிரல்களிலும் இதே கதைதான்.

சொற்களுக்கு வருவோம். %எஸ் முன்னால் உள்ள வைட்ஸ்பேஸைத் தள்ளும், பிறகு அடுத்த வைட்ஸ்பேஸ் வரும் வரை எடுக்கும். பெயரைக் கேட்கும்போது ஒருவர் இரண்டு சொல்லாக அடித்தால் முதல் சொல் மட்டுமே மாறிக்குள் போகும்; இரண்டாம் சொல் வரிசையில் நின்று, அடுத்து வயதைக் கேட்கும் %டி மீது போய் மோதும். இடைவெளியோடு ஒரு வரி முழுவதும் வேண்டுமென்றால் "%[^\என்]" என்று சொல்லும் வழி இருக்கிறது: புதுவரி அல்லாத எல்லாவற்றையும் எடு என்று பொருள். இதுவோ தள்ளாத கூட்டத்தைச் சேர்ந்தது. முந்தைய ஸ்கேன்எஃப் விட்டுப்போன ↵ முன்னால் நின்றால், எடுக்க ஓர் எழுத்துகூட இல்லை என்று தோற்றுவிடும். " %49[^\என்]" என்று முன்னால் இடைவெளி இட வேண்டும். 49 என்ற எண்ணையும் விட்டுவிடாதீர்கள்: 50 எழுத்துக்கு இடம் ஒதுக்கிய அரேயில் கடைசி ஓர் இடம் சரத்தை முடிக்கும் பூஜ்யத்துக்கு. அந்த எல்லையைச் சொல்லாவிட்டால், நீளமாக அடிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கும் நினைவகத்தை எல்லாம் அழித்துவிட முடியும்.

மோதுகிறது என்றேன், மோதினால் என்ன ஆகும்? எண்ணைக் கேட்கும் %டி முன்னால் ஒரு சொல் நின்றால், அது எதையும் எடுக்காமல் திரும்பிவிடும். சொல் அப்படியே நிற்கும். மறுபடி கேட்டாலும் அதே சொல்தான் முன்னால் இருக்கும். "சரியான எண் தரும் வரை கேள்" என்று லூப் எழுதியவர்களுக்கு, ஒரு பயனர் எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்ததும் திரை முழுக்கக் கேள்வி மழை கொட்டுவது இதனால்தான். வைட்ஸ்பேஸைத் தள்ளத் தெரிந்த %டிக்கு வேண்டாத சொல்லைத் தள்ளத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணில் இருக்கிறது. எத்தனை மாறிகளில் வெற்றிகரமாக எழுதினேன் என்ற கணக்கு அது. ஒன்று கேட்டு 1 வந்தால் சரி. 0 வந்தால் பொருந்தாத எழுத்து முன்னால் நிற்கிறது. உள்ளீடே முடிந்துபோயிருந்தால் இஓஎஃப் என்ற எதிர்ம எண் வரும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் எழுதிய ஸ்கேன்எஃப், எண் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமலே அடுத்த வரிக்குப் போய்விடும். பல பாட நூல்களின் முதல் எடுத்துக்காட்டுகள் இதைச் சொல்லாமல் போகின்றன. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் நாளிலிருந்தே இஃப் போட்டுச் சோதிக்கப் பழக வேண்டும்.

தேங்கி நிற்பதை வெளியேற்ற மூன்று வழிகள் பேச்சில் அடிபடும். ஒன்று, ஸ்கேன்எஃப்புக்குப் பின்னால், ஒரே ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சார் ஃபங்ஷனைப் போட்டு என்டரை எடுத்துவிடுவது. சரியாக ஒரே ஓர் எழுத்து நிற்கிறது என்றால் மட்டும் இது பலிக்கும். 25-க்குப் பின்னால் பயனர் தெரியாமல் ஸ்பேஸ் பாரைத் தொட்டுவிட்டு என்டர் தட்டினால் நிற்பது இரண்டு எழுத்து. கெட்சார் இடைவெளியை எடுக்கும், என்டர் அங்கேயே இருக்கும். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கணினியில் சரியாக ஓடிய நிரல் வேறொருவர் கையில் கெட்டுப்போவது இப்படித்தான்.

இரண்டாவது, எஃப்ஃப்ளஷ்(ஸ்டிடின்). ஸ்டிடின் என்பது நிரலின் வழக்கமான உள்ளீடு. இணையத்திலும் வகுப்பறைகளிலும் அதிகம் கைமாறும் மருந்து இது. வேண்டாம். எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கானது, உள்ளீட்டின் மீது அதை ஏவினால் என்ன நடக்கும் என்று சி தரநிலை எந்த உறுதியும் தரவில்லை. ஒரு கம்பைலரில் பஃபர் காலியாகலாம், இன்னொன்றில் ஒன்றுமே நடக்காமல் போகலாம்.

மூன்றாவது வழி நம்பத்தக்கது. வரி முடியும் வரை எழுத்துகளை எடுத்து எறிவது:

இன்ட் எ;
வைல் ((எ = கெட்சார்()) != '\என்' && எ != இஓஎஃப்)
    ;

இடைவெளியோ, வேண்டாத சொல்லோ, எதுவானாலும் அந்த வரியோடு போய்விடும். எ என்ற மாறி சார் ஆக இல்லாமல் இன்ட் ஆக இருப்பது முக்கியம். எல்லா எழுத்துகளுக்கும் அப்பாற்பட்ட இஓஎஃப்பையும் அது தாங்க வேண்டுமே. இஓஎஃப் சோதனையை விட்டுவிட்டால், உள்ளீடு முடிந்த பிறகும் வராத என்டருக்காக லூப் முடிவில்லாமல் சுற்றும். இன்னொரு எச்சரிக்கை: வரிசை ஏற்கெனவே காலியாக இருக்கும்போது இதை ஓட்டினால் பயனர் ஒரு வரி அடிக்கும் வரை நின்றுவிடும். ஏதோ தேங்கியிருக்கிறது என்று உறுதியாகத் தெரியும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

இத்தனை பாடுபடுவதற்குப் பதில் ஒரு நேர்வழி இருக்கிறது. டெர்மினல் நமக்கு வரிவரியாகத்தான் கொடுக்கிறது. நாமும் வரிவரியாகவே வாங்கிக்கொள்வது. எஃப்கெட்ஸ் அதைச் செய்கிறது:

சார் வரி[100];
எஃப்கெட்ஸ்(வரி, சைஸ்ஆஃப் வரி, ஸ்டிடின்);

அரேயின் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்வதால் எல்லை தாண்டாது. முன்பு இதே வேலையை அளவு கேட்காமல் செய்த கெட்ஸ் என்ற ஃபங்ஷன் இருந்தது. 1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த மாரிஸ் வார்ம் என்ற, தானாகப் பரவும் நிரல் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று, ஃபிங்கர் சேவை நிரலில் இருந்த அந்த கெட்ஸ் அழைப்புதான். 2011-இல் வந்த சி11 தரநிலை கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. பழைய புத்தகத்தில் பார்த்தால் அப்படியே தாண்டிப் போய்விடுங்கள்.

எஃப்கெட்ஸ் வைட்ஸ்பேஸ் எதையும் தள்ளாது, எதையும் மறைக்காது. முன்னால் இருக்கும் இடைவெளி, நடுவில் இருக்கும் டேப், கடைசியில் இருக்கும் ↵ எல்லாமே வரி என்ற அரேக்குள் வந்துவிடும். அந்த ↵ வேண்டாம் என்றால் நீக்க வேண்டும்: வரி[எஸ்டிஆர்சிஸ்பன்(வரி, "\என்")] = 0; என்று ஒரே வரியில் முடியும். எஸ்டிஆர்சிஸ்பன் ↵ நிற்கும் இடத்தைச் சொல்லும், அங்கே சரத்தை முடிக்கும் பூஜ்யத்தை வைக்கிறோம். நீக்காமல் சரத்தை வேறொன்றோடு ஒப்பிட்டால் பொருந்தாது. அச்சிட்டுப் பார்த்தால் சரியாகத் தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. சந்தேகம் வந்தால், முன்பு செய்ததைப் போல ஒவ்வோர் எழுத்தையும் அதன் எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள். வைட்ஸ்பேஸ் சிக்கலைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி இல்லை.

அப்படிப் பார்க்கும்போது சில சமயம் 10-க்கு முன்னால் ஒரு 13 தென்படும். விண்டோஸில் உருவாக்கிய உரைக்கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10 என இரண்டு எழுத்துகள் உண்டு. விண்டோஸிலேயே படிக்கும்போது சி நூலகம் அவற்றை ஒன்றாக்கிக் கொடுத்துவிடும். அதே கோப்பை லினக்ஸில் ஓடும் நிரலுக்கு உள்ளீடாகத் திருப்பிவிட்டால் 13 அப்படியே வரும். %டிக்கும் %எஸ்க்கும் அது இன்னொரு வைட்ஸ்பேஸ்தான், பாதிப்பில்லை. எஃப்கெட்ஸ் வாங்கிய சரத்திலோ வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்டிஆர்சிஸ்பன்னில் "\ஆர்\என்" என்று இரண்டையும் சொல்லிவிட்டால் தீர்ந்தது; \ஆர் என்பது அந்த 13. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வரும் பிரியா இடைவெளி வேறு வகை. யூடிஎஃப்-8 முறையில் அது இரண்டு பைட் பிடிக்கும், முன்னே சொன்ன ஆறில் அது இல்லை. பார்வைக்கு இடைவெளி, %டிக்கோ அது ஒவ்வாத எழுத்து.

ஸ்கேன்எஃப்பையும் எஃப்கெட்ஸையும் ஒரே நிரலில் கலக்காதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்வது. "%டி" படித்துவிட்டு அடுத்த வரியில் எஃப்கெட்ஸ் வைத்துப் பெயர் கேட்டால், எண்ணுக்குப் பின்னால் நின்ற ↵ எழுத்தையே ஒரு முழு வரியாக எண்ணி எடுத்துக்கொண்டு அது திரும்பிவிடும். பெயர் காலியாக இருக்கும். சி++ பழகுகிறவர்கள் சிஇன்னுக்குப் பின்னால் கெட்லைன் போட்டு மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான்.

எல்லாவற்றையும் எஃப்கெட்ஸ் வழியாக வாங்கிய பிறகு, வரிக்குள் இருக்கும் எண்ணை எடுக்க எஸ்ஸ்கேன்எஃப் இருக்கிறது. கீபோர்டுக்குப் பதில் சரத்திலிருந்து படிக்கும் ஸ்கேன்எஃப் அது. வைட்ஸ்பேஸ் விதிகள் அத்தனையும் அதே. நம் கால்குலேட்டர் இப்போது ஒரே கேள்வியாகச் சுருங்கும்:

எஃப்கெட்ஸ்(வரி, சைஸ்ஆஃப் வரி, ஸ்டிடின்);
இஃப் (எஸ்ஸ்கேன்எஃப்(வரி, "%டி %சி %டி", &அ, &குறி, &ஆ) == 3)
    கணக்கிடு(அ, குறி, ஆ);
எல்ஸ்
    பிரின்ட்எஃப்("25 + 7 என்பது போல எழுதுங்கள்\என்");

பயனர் உளறினால் அந்த வரியோடு போயிற்று. வரி அரேக்குள் அடங்கும் வரை அடுத்த கேள்விக்கு எதுவும் தேங்கி நிற்காது. மறுபடி கேட்பதற்கு லூப் போட்டாலும் கேள்வி மழை கொட்டாது. உள்ளீடு முடிந்துவிட்டால் எஃப்கெட்ஸ் 'நல்' என்ற வெற்று மதிப்பைத் தரும், லூப்பில் அதையும் சோதியுங்கள்.

25 + 7 என்பதற்குப் பின்னால் வேறு ஏதாவது அடித்திருந்தால்? 25 + 7.5 என்று கொடுத்தால் மேலே உள்ள நிரல் 7-ஐ எடுத்துக்கொண்டு 32 என்று சொல்லிவிடும்; .5 கண்டுகொள்ளப்படாது. இதைப் பிடிக்க ஃபார்மேட் ஸ்ட்ரிங்கின் வாலில் ஓர் இடைவெளியும் ஒரு %சியும் சேர்த்து, மிச்சம் என்ற சார் மாறியைக் கொடுங்கள்: "%டி %சி %டி %சி". இப்போதும் 3 திரும்பி வந்தால் எண்ணுக்குப் பின்னால் வைட்ஸ்பேஸைத் தவிர வேறொன்றும் இல்லை. 4 வந்தால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரியின் கடைசியில் நிற்கும் ↵ எழுத்தை அந்த வால் இடைவெளி விழுங்கிவிடும். கீபோர்டிலிருந்து நேராகப் படித்தபோது நிரலை நிறுத்தி வைத்தது இதே இடைவெளிதான். இங்கே சரத்துக்கு முடிவு இருக்கிறது. அதைத் தொட்டதும் எஸ்ஸ்கேன்எஃப் யாருக்காகவும் காத்திராமல் கணக்கைச் சொல்லித் திரும்பிவிடும்.